ஆச்சியின் கேசட்டும் ஒரு ரப்பர் பெல்ட்டும்

போன முறை கோவில்பட்டிக்குப் போயிருந்தபோது சித்தப்பா ஒரு மஞ்சள் பையை என் கையில் திணித்தார். உள்ளே ஒரு பழைய வாக்மேன், ஒரே ஒரு கேசட். "மைசூர்ல இதெல்லாம் ரிப்பேர் பாக்கிற ஆளு இருப்பாங்கல்லடே? பாத்துக் குடு. அவசரமில்ல" என்றார். எழுபத்தொரு வயதில், பைபாஸ் முடிந்த ஆறாவது மாதத்தில் ஒருவர் "அவசரமில்ல" என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று, பென்ஷன்தாரர்களோடு இருபது வருடம் பேசிப் பழகிய வங்கிக்காரனுக்குத் தெரியாதா? தூத்துக்குடி - மைசூரு எக்ஸ்பிரஸில் அந்தப் பையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டுதான் படுத்தேன்.

கேசட்டில் இருப்பது எங்கள் ஆச்சியின் குரல். சித்தப்பா 1988 முதல் 2004 வரை ஷார்ஜாவில் இருந்தார். ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அப்பா எழுதும் கடிதத்தில் ஆச்சிக்கு இரண்டு வரிதான் கிடைக்கும், அதுவும் "அம்மா நலம்" என்கிற அளவில். ஐ.எஸ்.டி. பூத்துக்குப் போனால் மீட்டர் ஓடுகிற வேகத்தைப் பார்த்தே ஆச்சிக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால் 1992ல் பக்கத்து வீட்டு டூ-இன்-ஒன்னை இரவல் வாங்கி, ஆச்சியை முன்னால் உட்கார வைத்துப் பேசச் சொல்லி, அந்தக் கேசட்டை ஊரிலிருந்து ஷார்ஜா போகிற ஒருவர் கையில் கொடுத்துவிட்டோம். ப்ளே பட்டனையும் சிவப்பு ரெக்கார்ட் பட்டனையும் சேர்த்து அமுக்கியவன் நான்தான். ஏழாம் வகுப்பு. ஆச்சி 1997ல் போய்விட்டாள். அவள் குரல் வேறு எதிலும் இல்லை.

வளைகுடாவில் யாராவது இருந்த குடும்பமென்றால் உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று கிடக்கலாம். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன். இனி கொஞ்சம் கொசுவர்த்திச் சுருள்... :-)

கேசட் என்கிற பொருள் 1963ல் பெர்லினில் நடந்த வானொலிக் கண்காட்சியில் அறிமுகமானது. செய்தது பிலிப்ஸ் நிறுவனம். அதன் பின்னால் இருந்தவர் லூ ஓட்டன்ஸ் என்ற நெதர்லாந்து இன்ஜினியர், 2021ல் தொண்ணூற்று நான்கு வயதில் காலமானார். கருவி எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று முடிவு செய்ய, தன் கோட்டுப் பாக்கெட்டில் நுழைகிற அளவுக்கு ஒரு மரக்கட்டையைச் செதுக்கி வைத்துக்கொண்டாராம். பிற்பாடு காரில் டயர் மாற்றும்போது ஜாக்கிக்கு முட்டுக்கொடுத்து அந்தக் கட்டையே காணாமல் போனது என்று சொல்வார்கள்.

கண்டுபிடிப்பை விடப் பெரிய விஷயம் 1965ல் நடந்தது. ஜப்பானியக் கம்பெனிகள், முக்கியமாக சோனி, நெருக்கியதில் பிலிப்ஸ் தன் காப்புரிமைக்குக் கட்டணம் வாங்காமலே மற்றவர்களும் கேசட் செய்துகொள்ள விட்டது. நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர், ஓடும் வேகம் நொடிக்கு 4.76 சென்டிமீட்டர். உலகம் முழுக்க இதே அளவு. கோவில்பட்டியில் ஒரு கம்பெனி டூ-இன்-ஒன்னில் பதிவு செய்தது ஷார்ஜாவில் வேறு கம்பெனி வாக்மேனில் பாடியது என்றால், காரணம் அந்த முடிவு. லாபநட்டக் கணக்கில் பார்த்தால் பிலிப்ஸுக்கு அது விட்டுக்கொடுத்த வருமானம். ஆச்சி மாதிரி ஆட்களுக்கு அது தபால்தலை ஒட்டாத கடிதம்.

வாக்மேன் வந்தது 1979 ஜூலை 1ஆம் தேதி. சோனியின் நிறுவனர்களில் ஒருவரான மசாரு இபுகா விமானப் பயணத்தில் பாட்டுக் கேட்க வசதியாக ஏதாவது செய்யுங்கள் என்று கேட்க, நிருபர்கள் பேட்டி எடுக்கப் பயன்படுத்திய பிரஸ்மேன் என்ற சின்ன ரெக்கார்டரில் இருந்து ஸ்பீக்கரையும் பதிவு செய்யும் வசதியையும் பிடுங்கிவிட்டு, ஸ்டீரியோவில் கேட்கும்படி மாற்றினார்கள். பதிவு செய்ய முடியாத டேப் ரெக்கார்டரை யார் வாங்குவார்கள் என்று கம்பெனிக்குள்ளேயே கேட்டார்கள். விலை 33,000 யென். முதலில் செய்தது 30,000. முதல் மாதம் விற்றது மூவாயிரம் சொச்சம்தான். ஆனால் ஆகஸ்ட் முடிவதற்குள் அத்தனையும் தீர்ந்தது.

முதல் வாக்மேனில் ஹெட்போன் துளை இரண்டு. இன்னொரு நிறுவனரான அகியோ மொரிடாவுக்கு, ஒரு ஆள் காதை அடைத்துக்கொண்டு தனியாகக் கேட்பது பக்கத்தில் இருப்பவரை அவமதிக்கிற மாதிரி தோன்றியிருக்கிறது. அதனால் இருவர் கேட்க இரண்டு துளை, நடுவில் பேசிக்கொள்ள ஒரு ஆரஞ்சு பட்டன். ஜனங்கள் தனியாகக் கேட்கவே ஆசைப்பட்டதால் அடுத்தடுத்த மாடல்களில் அந்த பட்டன் போய்விட்டது. சித்தப்பா ஷார்ஜாவில் வாங்கியதற்கு ஒரே துளைதான். அவர்கள் அறையில் எட்டுப் பேர். ஹெட்போனின் இரண்டு பக்கத்தையும் பிரித்து ஆளுக்கொரு காதாக வைத்துக்கொள்வார்களாம். மொரிடா கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்!

நம் நாட்டில் அதுவரை பாட்டென்றால் இசைத்தட்டு, இசைத்தட்டென்றால் பெரும்பாலும் எச்.எம்.வி. இல்லையென்றால் ரேடியோ. இரண்டிலும் எதைக் கேட்பது என்று முடிவு செய்கிறவர் வேறு யாரோ. 1970களின் கடைசியில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் தோளில் டேப் ரெக்கார்டரோடு இறங்கினார்கள். அரசாங்கமும் இறக்குமதிக் கெடுபிடிகளைத் தளர்த்தியது. பத்தே வருடத்தில் மொத்தச் சந்தையும் தலைகீழானது. பீட்டர் மானுவேல் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் வட இந்தியாவில் இது நடந்த விதத்தைப் பற்றி 1993ல் ஒரு புத்தகமே எழுதினார். நம் பக்கத்துக் கதையை எழுத வேண்டுமென்றால் ரெக்கார்டிங் சென்டர்களில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒரு சி-90 வாங்கிக் கொடுத்து, நோட்டுத் தாளில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்தால், நாலு நாளில் பதிந்து தருவார். கடைசிப் பாட்டு பாதியில் அறுந்து நிற்கும். 1984லேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கூட்டிவிட்டார்கள் என்பது பி.காம். படிக்கும்போதுதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருவில் அத்தனை பேரும் குற்றவாளிகள்!

ஆச்சி பேசியதும் அப்படி ஒரு லிஸ்ட் கேசட்டின் மேல்தான். வெறும் கேசட் வாங்கக் காசில்லை. கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு சின்னத் தடுப்புகள் இருக்கும், அவற்றை உடைத்துவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. உடைத்த துளையில் செல்லோ டேப் ஒட்டினால் மறுபடி பதியலாம். நான் ஒட்டினேன். இப்போது மஞ்சள் பையிலிருந்து எடுத்துப் பார்த்தால் அந்தச் செல்லோ டேப் இல்லை, பசையின் பழுப்பு அடையாளம் மட்டும் இருக்கிறது. சித்தப்பா ஷார்ஜாவில் முதல் வேலையாக அதைப் பிய்த்து எறிந்திருக்கிறார்.

சரி, மைசூருக்கு வருவோம். சயாஜி ராவ் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் ஒரு பெரியவர் இருப்பதாக எங்கள் கிளைக் காவலாளி சொன்னார். மிக்ஸி, டி.வி. ரிமோட், பழைய வால்வு ரேடியோ எல்லாம் அடுக்கிய பத்துக்கு எட்டு கடை. ஓரளவு தமிழும் பேசினார். நான் ரேடியோவைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "ஆகாசவாணிங்கிற பேரே எங்க ஊர் கொடுத்தது, தெரியுமா சார்?" என்று ஆரம்பித்தார். உண்மைதான். மகாராஜா கல்லூரியில் மனோதத்துவப் பேராசிரியராக இருந்த எம்.வி. கோபாலஸ்வாமி 1935 செப்டம்பர் 10ஆம் தேதி தன் வீட்டிலிருந்தே ஒலிபரப்பைத் தொடங்கி அதற்கு ஆகாசவாணி என்று பெயர் வைத்தார். 'ஆல் இந்தியா ரேடியோ' என்ற பெயரே அடுத்த வருடம்தான் வந்தது. இதே ஊரின் கடைசி மகாராஜா ஜெயசாமராஜ உடையார், லண்டனில் நோயும் வறுமையுமாக இருந்த மெட்னர் என்ற ரஷ்ய இசைக்கலைஞரின் இசையைக் கேட்க ஆசைப்பட்டு, 1940களின் கடைசியில் தன் பணத்தைப் போட்டு எச்.எம்.வி. மூலம் இசைத்தட்டுகளாகப் பதிய வைத்தார். மெட்னர் தன் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை அவருக்கே காணிக்கை ஆக்கினார். கடலுக்கு அப்பால் இருக்கிற ஒரு சத்தத்தை வரவழைக்க அன்றைக்கு மகாராஜாவாக இருக்க வேண்டியிருந்தது. நாற்பது வருடம் கழித்து அதே காரியத்துக்கு எங்களுக்கு ஒரு பழைய சி-90யும் இரவல் டூ-இன்-ஒன்னும் போதுமாயிற்று.

பெரியவர் வாக்மேனைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார். "பெல்ட் ஹோகிதெ சார்." பெல்ட் போய்விட்டது.

போய்விட்டது என்றால் அறுந்துபோகவில்லை. உருகித் தார் மாதிரி மோட்டார் சக்கரத்தில் அப்பியிருந்தது. வாக்மேனுக்குள் இருப்பது இவ்வளவுதான்: ஒரு சின்ன மோட்டார், அதிலிருந்து ஒரு ரப்பர் பெல்ட், பெல்ட் சுற்றுகிற கனமான ஒரு சக்கரம், அந்தச் சக்கரத்தின் நடுவில் ஊசி போல ஒரு எஃகுத் தண்டு. தண்டின் மேல் ஒரு ரப்பர் உருளை அழுந்தும். இரண்டுக்கும் நடுவே நாடா இழுபட்டு ஹெட்டைத் தொட்டுக்கொண்டு போகும். பெல்ட் தொய்ந்தால் பாட்டு இழுக்கும். உருளை இறுகினாலோ பிசுபிசுத்தாலோ நாடாவைத் 'தின்னும்'. ஹெட்டில் நாடாவின் பழுப்புப் பொடி படிந்தால் போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி கேட்கும். பேட்டரி இறங்கினாலும் பாட்டு இழுக்கும், அப்போது நாமெல்லாம் பேட்டரியை வெயிலில் காய வைத்து இன்னும் ரெண்டு பாட்டு கேட்போம், ஞாபகம் இருக்கிறதா? என்ன கம்பெனி வாக்மேன் என்று கேட்காதீர்கள். முப்பது வருடம் கழித்து ரப்பர் இளகினால் கம்பெனி என்ன செய்யும், பாவம்.

அரை மணி நேரம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்துத் தோய்த்து அந்தத் தாரைத் துடைத்தார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "ஒரு ரப்பர் பேண்ட் மாட்டினா ஓடாதா?" என்றேன். ஓடும், ஆனால் ரப்பர் பேண்டின் தடிமன் ஓரிடத்தில் ஒரு மாதிரி இருப்பதால் குரல் அலை அலையாக ஆடும் என்றார். பழைய சி.டி. டிரைவ்களில் தட்டைத் தள்ளுகிற பெல்ட்டுகளை ஒரு பவுடர் டப்பா நிறையச் சேர்த்து வைத்திருந்தார். அதில் நாலைந்தை மாட்டிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தார். பழைய பெல்ட்டை அளந்து அதே அளவில் போடக் கூடாதாம், அது ஏற்கெனவே நீண்டுபோனது, கொஞ்சம் சின்னதாகத்தான் போட வேண்டும். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்த தகடுகளைச் சுரண்டினார். உருளையையும் ஹெட்டையும் துடைத்தார். வேகம் சரியா என்று பார்க்க அவர் செய்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தன்னிடம் இருந்த ஒரு ராஜ்குமார் பாட்டுக் கேசட்டைப் போட்டு, அதே பாட்டைத் தன் போனிலும் ஒரே சமயத்தில் ஓடவிட்டார். பாட்டு முடியும்போது வாக்மேன் ரெண்டு வார்த்தை பின்தங்கியது. மோட்டாரின் முதுகில் இருந்த ஊசித்துளைக்குள் திருப்புளியை விட்டு மயிரிழை திருப்பினார். இப்படி மூன்று முறை.

ஆச்சியின் கேசட்டை அவர் அதுவரை தொடவே இல்லை. "ஒரு தடவதான் ஒழுங்கா ஓடும்னு நெனச்சுக்கோங்க சார். மொதல்ல ஊர்க் கேசட் எல்லாம் ஓடட்டும்" என்று அன்றைக்கு என்னை அனுப்பிவிட்டார். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாள் சனிக்கிழமை, இரண்டாவது சனி, விடுமுறை. கேசட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற சின்னப் பஞ்சுத் திண்டு பசை காய்ந்து உதிர்ந்திருந்தது. நல்லவேளை, எங்கள் கேசட் ஐந்து திருகு வைத்தது. ஒட்டி மூடிய ரகமாக இருந்தால் உடைத்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு சுருளையும் அப்படியே எடுத்து ஒரு பக்திப் பாடல் கேசட்டின் கூட்டுக்குள் மாற்றினார். சி-90 நாடாவின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதான், சொச்சம் கொஞ்சம். நீளம் 130 மீட்டர் அளவுக்கு இருக்கும். அது ஒரு இடத்தில் மடங்கினாலும் அந்த வார்த்தை போச்சு. பிறகு பென்சிலை விட்டு, முழு நாடாவையும் கையாலேயே மெதுவாக ஒரு முறை அந்தப் பக்கம், ஒரு முறை இந்தப் பக்கம் சுற்றினார். வருடக்கணக்கில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்ததைப் பிரிக்கவாம். எனக்கும் ஒரு பென்சில் கொடுத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வாக்மேனின் ஹெட்போன் துளையிலிருந்து ஒரு கேபிளை என் லேப்டாப்பில் சொருகிப் பதிவை ஆரம்பித்தோம். ப்ளே. ஆச்சி பேசினாள். ஆனால் தலையணைக்கு அடியில் இருந்து பேசுகிற மாதிரி. வார்த்தை புரியவில்லை. எனக்கு முகம் தொங்கிவிட்டது. பெரியவர் பதறவே இல்லை. "ரெக்கார்ட் பண்ணின மெஷின்ல ஹெட் சாஞ்சு இருந்திருக்கு" என்றார்.

பிலிப்ஸ் எல்லா அளவையும் ஒன்றாக்கியது என்றேன் அல்லவா, அதில் விட்டுப்போன ஒரு இடம் இது. நாடாவுக்கு ஹெட் மிகச் சரியாகச் செங்குத்தாக நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு டூ-இன்-ஒன்னில் அது ஒரு இழை சாய்ந்து இருந்திருக்கிறது. அதிலேயே போட்டுக் கேட்டால் தெரியாது, வேறு கருவியில் போட்டால் மெல்லிய சத்தங்கள் எல்லாம் மறைந்துவிடும். ஹெட்டின் ஓரத்தில் ஒரு திருகு உண்டு. இருந்த நிலைக்குப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, ஆச்சி பேசப் பேச அந்தத் திருகைத் திருப்பினார். அந்த டூ-இன்-ஒன்னின் கோணலுக்கு எங்கள் வாக்மேனையும் கோணலாக்கினார். கால் சுற்றுகூட இருக்காது. திடீரென்று ஆச்சி கடைக்குள் வந்துவிட்டாள்.

"ஏ ஐயா, நல்லா இருக்கியா?" என்று கத்துகிறாள். ஷார்ஜா தூரம் அல்லவா, சத்தமாகப் பேசினால்தான் கேட்கும் என்று நினைத்திருக்கிறாள். மழை இல்லை. நீ அனுப்பிய பணத்தில் அடகு வைத்த சங்கிலியைத் திருப்பியாகிவிட்டது, அண்ணன் ரசீது வைத்திருக்கிறான், வந்து பார்த்துக்கொள். (நகைக் கடன் பைலை தினம் பார்க்கிறவன் நான், இந்த இடத்தில் என்னால் முடியவில்லை.) வெயிலில் வேலையா, நிழலில் வேலையா, யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். பதினோரு நிமிடம். முடிவில் பின்னால் யாரோ பெண் குரல் கத்துகிறது. ஆச்சி, "தண்ணி வந்துட்டு, தண்ணி வந்துட்டு, வைக்கேன்" என்கிறாள். குடம் நகரும் சத்தம். ஒரு 'டக்'. அதற்கு அப்புறம், அடியில் கிடந்த பழைய சினிமாப் பாட்டு பாதியில் இருந்து பாட ஆரம்பிக்கிறது. எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வருவது எப்பேர்ப்பட்ட விஷயம் என்று கோவில்பட்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பெரியவர் முன்னூற்றைம்பது ரூபாய் கேட்டார். கணக்குப்பதிவியலில் தேய்மானம் படித்திருப்பீர்கள். குறைந்துசெல் மதிப்பு முறையில் ஒரு சொத்தின் மதிப்பு குறைந்துகொண்டே போகும், பூஜ்யத்தை மட்டும் தொடாது. எங்கள் கிளையில் ஒரு ரூபாய் மதிப்பில் நிற்கிற இரும்பு பீரோ ஒன்று இருக்கிறது, ஆடிட்டர்கள் வருடா வருடம் அதைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். இந்த வாக்மேனை எந்தக் கணக்கில் எழுதுவது என்று யோசித்துக்கொண்டே ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் வாங்கிய எம்.பி.3 பிளேயர் ஒன்று மூன்றே வருடத்தில் செத்தது. பேட்டரிதான் போயிருந்தது, ஆனால் திறக்க ஒரு திருகுகூடக் கிடையாது. அந்தக் காலத்துப் போக்கே அதுதான். 2001 அக்டோபரில் 5 ஜி.பி. டிஸ்க்கோடு ஐபாட் வந்தபோது ஆயிரம் பாட்டு பாக்கெட்டில் என்று உலகமே வாயைப் பிளந்தது. ஆனால் பேட்டரியை நாமே மாற்றும்படி அதை வைக்கவில்லை. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டு 2005ல் சமரசம் ஆனது. 2022 மே மாதத்தோடு ஐபாடுக்கே மங்களம் பாடிவிட்டார்கள். கேசட் வாக்மேனை ஜப்பானில் நிறுத்தியது 2010ல். வேடிக்கை என்னவென்றால் இன்றைக்குப் பழைய ஐபாடைப் பிளந்து பேட்டரியும் மெமரி கார்டும் மாற்றுகிற கூட்டம் உலகம் பூராவும் இருக்கிறது. 2022ல் நம் மத்திய அரசும் பழுதுபார்க்கும் உரிமைக்கு ஒரு தளம் தொடங்கியிருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். "மொதல்ல ஸ்க்ரூ வைக்கச் சொல்லுங்க சார்" என்றார்.

சித்தப்பாவுக்குத் தங்கச்சி ஒரு காரவான் வாங்கிக் கொடுத்திருக்கிறாள். எச்.எம்.வி.யின் இன்றைய அவதாரமான சரிகம 2017ல் கொண்டுவந்தது, பெரியவர்களுக்கென்றே ரேடியோ மாதிரிக் குமிழ் வைத்து, ஐயாயிரம் பாட்டோடு. நல்ல பொருள்தான். "அதுல எல்லாரும் இருக்காவ, எங்கம்மையத் தவிர" என்பார் சித்தப்பா.

அன்றைக்கு ராத்திரியே பதிவை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பதில் இல்லை. மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் போன் வந்தது.

"தண்ணி வந்துட்டுன்னு ஓடினாளே, கேட்டியாடே?"

"கேட்டேன் சித்தப்பா."

"ரூம்ல எட்டுப் பேரும் அதுக்குத்தாம்ல சிரிப்பானுவ. திரும்பத் திரும்ப அதையே போடச் சொல்லுவானுவ. பாலைவனத்துல இருந்துக்கிட்டு..."

அதற்கு மேல் பேசாமல் போனைச் சித்தியிடம் கொடுத்துவிட்டார். விடிந்ததிலிருந்து ஏழு தடவை போட்டுவிட்டாராம், இட்லி ஆறிக் கிடக்கிறதாம். பொங்கலுக்கு வரும்போது வாக்மேனையும் கொண்டுவரச் சொன்னார் சித்தி. பேட்டரியைக் கழற்றித் தனியாகத்தான் கொண்டுவர வேண்டும், பெரியவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.